பட்டியலில் எண்ணாகிப்போன சிப்பாய்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

போரில் மாண்டவன் என்றதும் குண்டடிபட்டு வீழ்ந்தவனையே நாம் நினைக்கிறோம். முதல் உலகப் போரில் மெசபொடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்கிற்கு, அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் ஏராளமானோர் நோயால் மடிந்தனர். அந்நோய்களுள் ஸ்கர்வியும் ஒன்று. தளபதிகளின் திறமையை வரலாற்று மாணவர்கள் ஆராயட்டும். வேதியியல் படிக்கும் எனக்கு அந்தச் சிப்பாயின் தட்டில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

1915 நவம்பரில் பாக்தாதை நோக்கிச் சென்ற ஆறாவது பூனா டிவிஷன், டெசிஃபோன் என்னுமிடத்தில் துருக்கியரிடம் அடிபட்டுத் திரும்பி, டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள குட் அல் அமாரா நகரில் அடைக்கலம் புகுந்தது. டிசம்பரில் முற்றுகை தொடங்கிற்று. 1916 ஏப்ரல் 29 அன்று தளபதி டவுன்ஷெண்ட் சரணடையும் வரை ஏறத்தாழ ஐந்து மாதம் உள்ளே இருந்த தானியமே உணவு. விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டுப் பார்த்தனர், போதவில்லை.

இங்கேதான் ஒரு வியப்பு. ஒரே கோட்டைக்குள் இருந்த இரு சாராருக்கும் வெவ்வேறு நோய் வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் உண்டது தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டி. அவர்களுக்குப் பெரிபெரி வந்தது. இந்தியர் உண்டது தவிட்டோடு கூடிய ஆட்டா. பெரிபெரி அவர்களை அண்டவில்லை. வெள்ளை மாவு தீர்ந்து, வெள்ளையருக்கும் ஆட்டாவும் பார்லி மாவும் கிடைத்தபின் அவர்களுடைய பெரிபெரி தணிந்தது. பற்றாக்குறையே மருந்தாயிற்று! தவிட்டிலுள்ள தயமினை அன்று யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை.

ஸ்கர்வி இதற்கு நேர்மாறு. பிரிட்டிஷார் அறுத்த குதிரைகளின் புத்திறைச்சியை உண்டு தப்பினர். மத நம்பிக்கையால் இந்தியர் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. இந்தியாவிலிருந்து மதப் பெரியோர்களின் இசைவு வந்த பின்னும், கடைசி வாரங்களில்தான் பலர் உண்ணத் தொடங்கினர். அவர்களைப் பிடிவாதக்காரர் என்று எழுதுவோர் உண்டு. ஊருக்குத் திரும்பினால் சாதியார் சேர்த்துக்கொள்வார்களா என்று அஞ்சியவனை அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.

காய்கறியும் இறைச்சியும் இல்லாத உடலில் வைட்டமின் சி சில வாரங்களில் குறைந்துவிடும். நம் தோலையும் இரத்தக் குழாய்களையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்னும் புரதம் உறுதிபெற இவ்வைட்டமின் வேண்டும். அது இல்லையேல் ஈறு வீங்கிக் குருதி கசியும், மூட்டு நோகும், ஆறிய பழைய புண்ணும் திறந்துகொள்ளும். குண்டுக் காயம் பட்டவன் இந்நிலையில் என்ன ஆவான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் போர்க்காலத்திலேயே இதை ஆராய்ந்தனர். கப்பற்படை நம்பியிருந்த லைம் சாறு, லெமன் சாற்றில் கால் பங்கு வலிமையே உடையதென்றும், புட்டியில் நாள்பட்டால் அதுவும் போய்விடுமென்றும் கண்டனர். காய்ந்த பயற்றில் இல்லாத ஸ்கர்வித் தடுப்பாற்றல் முளைகட்டியதும் தோன்றுகிறது என்பதையும் உறுதிசெய்தனர். நார்வே நாட்டு ஃபூர்ஸ்ட் 1912லேயே இதைக் கூறியிருந்தார். முழுப் பயறும் ஈரத் துணியும் இருந்தால் போதும். உடைத்த பருப்பு முளைக்காது. எங்கள் வீட்டில் வைட்டமின் என்ற சொல் நான் கல்லூரிக்கு வந்த பிறகே நுழைந்தது. முளைகட்டிய பச்சைப்பயறு அதற்கு முன்பே இருந்தது. ஆய்வகத்தில் சாயம் கொண்டு அதைத் தரம்பார்த்து, துளித்துளியாக நிறம் மறைவதைக் கண்டபோது எனக்குக் குட் நகரமே நினைவில் நின்றது.

சரணடைந்த பின் டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாக இருந்தார். நோயோடும் பசியோடும் பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்ட சிப்பாய்கள் பல்லாயிரவர். அவர்களில் வழியிலும் முகாம்களிலும் இறந்தோர் ஆயிரக்கணக்கினர்.

1929இல் பாஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவகம், கல்லறை தெரியாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உரியது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதற்காக மன்னிப்புக் கோரியது 2021ஆம் ஆண்டில்.