மாடிப்படிக்குக் கீழே எத்தனை மீட்டர்?

அன்புள்ள கயலுக்கு,

பள்ளியில் 'எங்கள் ஊரின் பண்பாடு' எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ஆவடியில் எழுத என்ன இருக்கிறது மாமா என்று கேட்டிருந்தாய். சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதை வகுப்பில் பாதிப்பேர் எழுதிவிடுவார்கள். நீ வீடுகளைப் பார்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. டாங்கி செய்ய ஆள் வேண்டுமே! தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். வேலையோடு குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அகலமான தெரு, மரநிழல், விளையாட்டுத் திடல், கேந்திரிய வித்யாலயா எல்லாம் சுற்றுச்சுவருக்குள்ளேயே. குடும்பத்தோடு வந்தவர்கள் என்பதால் ஓணமும் ஐயப்பன் பூஜையும் கூடவே வந்து தங்கின.

ஆனால் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வருங்கால வைப்பு நிதியை எடுத்து, சுவருக்கு வெளியே அரை கிரவுண்ட் வாங்கினார்கள். நகர் நகராக ஊர் விரிந்தது அப்படித்தான். மனை பிரித்தவர்கள் பலருக்கு மழைத்தண்ணீர் எந்த வழியாக ஏரிக்குப் போகும் என்ற கவலை இருக்கவில்லை. ஐப்பசியில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது வருகிறவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை, பெரும்பாலும் தனியாள். இவர்கள் இங்கே மனை வாங்குவதில்லை, வீடு கட்டுவதில்லை. ஆனாலும் வீடுகளின் உருவத்தை மாற்றுவது இவர்கள்தான். ஓய்வு பெற்றவரின் தரைத்தள வீட்டின் மேல் ஒரு மாடி ஏறுகிறது. அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறைகள், ஒரு பொதுக் குளியலறை. தெருமுனைக் கடையில் கடுகெண்ணெயும் ஆட்டாவும் வந்துவிட்டன. 'வெளியூர்க்காரங்க கூட்டம் தாங்கல' என்று சலித்துக்கொள்ளும் தாத்தாவிடம், அவர் எந்த ஊரிலிருந்து ரயிலேறி வந்தார் என்று மரியாதையாகக் கேட்டுப் பார். நல்ல கதை கிடைக்கும்.

உன் தெருவில் ஒவ்வொரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழேயும் எத்தனை மின் மீட்டர் என்று எண்ணு. வீட்டுக்காரரே மாட்டிய சப்-மீட்டரை விட்டுவிடாதே. தனியாள் குடியிருப்பது பெரும்பாலும் சப்-மீட்டர் வைத்த அறைகளில்தான். எந்த மாடி எந்த வருஷம் எழும்பியது என்றும் கேட்டு எழுதிக்கொள். 2001-ல் சுமார் 2.3 லட்சமாக இருந்த ஆவடி, 2011-ல் ஏறக்குறைய 3.5 லட்சமானது எப்படி என்பது உனக்கே புரியும்.

ஒன்றை மட்டும் உன் கட்டுரையில் விட்டுவிடாதே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024-ல் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் திறந்தது. மொட்டைமாடி ஷீட் அறையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் 1961-ல் வேலைக்கு வந்தவருக்குக் கிடைத்தது ஒரு வீடு. அந்த விடுதியில் கிடைப்பது ஒரு கட்டில். கட்டிலுக்குக் குடும்பத்தை அழைத்துவர முடியாது. இன்னும் நாற்பது வருஷத்தில் அங்கே என்ன மாதிரி ஊர் உருவாகும் என்று நீ நினைக்கிறாய்? எழுது.

அன்புடன்,
மாமா