4 ஜிபி லேப்டாப்பில் பைத்தான்

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் வாங்கினேன். பைத்தான் கற்க விஎஸ் கோட் போட்டால் திணறுகிறது. வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். இதிலேயே தாராளமாகக் கற்கலாம். விஎஸ் கோட் நல்ல எடிட்டர்தான். ஆனால் அதற்குள்ளே குரோமியம் பிரவுசரே ஓடுகிறது. எக்ஸ்டென்ஷன்களும் சேர்ந்தால் 4 ஜிபி எப்படிப் போதும்?

தானி என்ற இலவச எடிட்டரை நிறுவுங்கள். எஸ்டோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவானது. விண்டோஸில் நிறுவும்போது பைத்தானும் கூடவே வந்துவிடும். பைத்தான் இருக்கும் இடத்தை விண்டோஸுக்குச் சொல்லித்தர வேண்டிய, முதல் நாளே பலரை ஓட வைக்கும் 'பாத்' தொல்லை இல்லை. நிரலை எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தினால் ஓடும். டீபக் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வரியாக நகர்ந்து, மாறிகளின் மதிப்பு மாறுவதைக் கண்ணெதிரே காட்டும். தொடக்கத்தில் இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. எச்டிஎம்எல், சி எழுத ஜீனி என்ற எடிட்டர் போதும். அதுவும் இலவசம், எடை குறைந்தது.

லேப்டாப்பின் உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், வேகம் கூட அதே எஸ்.பி. ரோட்டில் 256 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். பணம் செலவழிப்பதென்றால் முதலில் அதற்குத்தான். பயிற்சியின்போது பிரவுசரில் இரண்டு டேபுக்கு மேல் திறக்காதீர்கள்.