பாடியவர் யார்?

முன்னுரை

ஏட்டில் எழுதப்படாமல் வாய்வழியே வாழ்ந்து வருவது நாட்டுப்பாடல். ஏர் உழுபவரும், கல் உடைப்பவரும், குழந்தையைத் தாலாட்டும் தாயும் வளர்த்த செல்வம் அது. 'இதை இயற்றியவர் யார்?' என்று வினவினால், 'ஊரார் பாட்டு' என்றே பெரும்பாலும் விடை வரும். அவ்விடை உண்மைதான். ஆயினும் அது முழு உண்மையாகுமா? மூன்று கண்டங்களில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மெழுகில் பதிந்த குரல்

எடிசன் 1877-இல் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்தார். பின்னர் அதில் மெழுகு உருளை பயன்பட்டது. குரலின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் உருளையில் பள்ளம் கீறும். அப்பள்ளத்தில் மீண்டும் ஊசி ஓடினால் அதே குரல் ஒலிக்கும். இவ்வெளிய கருவி செய்த பெரும்பணி, இயற்பியல் மாணவனாகிய எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக், 1904-இல் ஒரு பணிப்பெண் பாடியதைக் கேட்டார். நகரத்தில் ஒலித்ததையே அங்கேரிய இசை என நம்பியிருந்த அவருக்கு அது புது உலகமாக இருந்தது. அதன்பின் அவரும் நண்பர் சோல்தான் கோடாயும் சிற்றூர்களுக்குச் சென்று உழவர் பாடல்களை உருளைகளில் பதித்தனர்; 1906-இல் நூலும் வெளியிட்டனர். பழம்பாடல்கள் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை எனக் கண்டனர். ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாடல்களையும் பார்டோக் திரட்டினார். அண்டை மக்களின் பாட்டுகள் கொடுத்தும் வாங்கியும் வளர்ந்தவை என்று அவர் காட்டினார். அப்பணிப்பெண்ணின் பெயர் லிடி டோசா. அப்பெயர் இன்றும் நமக்குத் தெரிவது, அதை எழுதி வைத்தமையால் அன்றோ!

சிறையில் கேட்ட பாட்டு

1933-இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காகப் பாடல்கள் திரட்டி வந்தனர். லூசியானா மாநிலத்து அங்கோலா சிறையில் ஹட்டி லெட்பெட்டர் என்ற கறுப்பினக் கைதியைச் சந்தித்தனர். 'லெட் பெல்லி' என்று புகழ்பெற்ற அவர், 12 தந்திகள் கொண்ட கிதாரை மீட்டிப் பாடுவார். அவர் பாடிய பாடல்களுள் ஒன்று 'குட்நைட் ஐரீன்'. அவர் 1949-இல் மறைந்தார். மறு ஆண்டே வீவர்ஸ் குழுவினர் பாடிய அதே பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. விளைச்சலைக் காண விதைத்தவர் இல்லை!

சிங்கத்தின் பாட்டு

தென்னாப்பிரிக்க ஜூலு இனப் பாடகர் சாலமன் லிண்டா. அவர் 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவுடன் 'ம்பூபே' என்ற பாடலை இசைத்தட்டில் பதித்தார். அச்சொல்லுக்குச் 'சிங்கம்' என்பது பொருள். அப்பாடலின் உரிமை வெறும் 10 ஷில்லிங்குக்குக் கைமாறியது. அமெரிக்காவில் அத்தட்டைக் கேட்ட பீட் சீகர், ஜூலு சொல்லை 'விமோவே' எனக் கொண்டு பாடினார். 1961-இல் டோக்கன்ஸ் குழுவினர் புதுச் சொற்களோடு பாட, அது உலகெங்கும் பரவியது. லிண்டாவோ 1962-இல் வறுமையில் மறைந்தார்.

1994-இல் வெளிவந்த 'லயன் கிங்' படத்தில் அப்பாட்டு வருகிறது. படத்தைப் பார்த்த நானும், அது யாரோ பாடிய ஆப்பிரிக்கப் பழம்பாட்டு என்றே எண்ணியிருந்தேன். லிண்டாவின் மகள்கள் வழக்காடி, 2006-இல் உடன்பாடு ஏற்பட்ட செய்தியைப் படித்த பின்னரே என் பிழை புரிந்தது. 'யாரோ பாடியது' என்று என்னைப்போல் பலர் எண்ணுவதால்தான், பாடியவர் வீட்டு அடுப்பு எரியாமல் போகிறது.

முடிவுரை

நாட்டுப்பாடல் ஊராருக்குப் பொதுவானதே. ஆனால் அதைக் காத்துத் தந்தவருக்கு ஒரு பெயர் உண்டு, பசியும் உண்டு. நண்பர்களே! இன்று நம் கையிலுள்ள கைப்பேசியே போனோகிராப்பின் வேலையைச் செய்கிறது. ஒருவர் பாடுவதைப் பதியும்போது அவர் பெயர், ஊர், அவர் யாரிடம் கற்றார் என்பவற்றையும் கேட்டுக் குறித்து வைப்போம். அப்பாட்டால் பொருள் வருமாயின் அவருக்குரிய பங்கை அவர் கையில் சேர்ப்போம். குரலைப் போற்றுவது போலவே குரலுக்கு உரியவரையும் போற்றுவோமாக!