விக்டோரியா வீதியில் ஒரு பள்ளிக்கூடம்



சிங்கப்பூருக்குச் சென்று திரும்புவோர் பலர், விக்டோரியா வீதியிலுள்ள வெண்ணிறத் தேவாலயத்தைப் படம் பிடித்து வருகின்றனர். அது ஒரு பெண்கள் பள்ளியின் வழிபாட்டுக்கூடமாக இருந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? குழந்தை இயேசு கன்னியர் மடப் பள்ளி என்பது அப்பள்ளியின் பெயர்.

பிரான்சு நாட்டவரான பியூரெல் பாதிரியார், ஆண்பிள்ளைகளுக்கான செயிண்ட் ஜோசப் பள்ளி 1852ஆம் ஆண்டில் தோன்றக் காரணமாயிருந்தவர். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என விரும்பிய அவர், அதே ஆண்டில் கால்டுவெல் இல்லம் என்னும் வீட்டைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். (இவர் தமிழாய்ந்த கால்டுவெல் அல்லர், நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றிய வேறொருவர்.) அவ்வீடு கோல்மன் என்னும் கட்டடக் கலைஞரால் 1840-41இல் கட்டப்பட்டதாகும்.

1854 பிப்ரவரியில் அன்னை மத்தில்டு தலைமையில் நான்கு கன்னியாஸ்திரீகள் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தனர். சில நாள்களுக்குள்ளேயே இரு வகுப்புகள் தொடங்கின. ஒன்று கட்டணம் செலுத்துவோருக்கு. மற்றொன்று அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும். இப்பிரிவினை எமக்கு உவப்பானதன்று. ஆயினும், முன்னவரின் கட்டணம் பின்னவருக்குச் சோறிட உதவிற்று என்பதை மறுத்தற்கில்லை. போதாததைத் தையலாலும் பூவேலையாலும் ஈட்டினர்.

மடத்தின் பக்கவாயிலில், துணியில் சுற்றிய பச்சிளங் குழந்தைகளை விட்டுச் செல்வோர் இருந்தனர். அவற்றுள் பெண்மகவுகளே மிகுதி. வறுமை ஒரு காரணம். புலியாண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர் சிலரின் நம்பிக்கை மற்றொரு காரணம். அக்குழந்தைகளைக் கன்னியர் எடுத்து வளர்த்தனர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று பெண்பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திய பெற்றோரைத் தோட்டங்களில் யான் கண்டதுண்டு. ஆதலின், இப்பகுதியை எழுதுகையில் என் பேனா சற்றே நின்றது.

அன்னை மத்தில்டு 1872இல், தமது 58ஆம் வயதில், புதுப்பணி தொடங்க ஜப்பானுக்குக் கப்பலேறினார். அவ்வயதில் அடுத்த மாவட்டத்துக்கு இடமாற்றக் கடிதம் வந்தாலே நம்மனோர் கலங்குவர்! 1911இல் அவர் யோகோஹாமாவில் இயற்கை எய்தினார்.

முற்கூறிய வழிபாட்டுக்கூடம், நேன் பாதிரியாரின் வரைபடப்படி 1901 முதல் 1904 வரை எழுப்பப்பட்டது. 1933இல் அவ்வளாகத்திலேயே சீனமொழிப் பிரிவொன்றும் தோன்றியது. அதுவே செயிண்ட் நிக்கலஸ் பெண்கள் பள்ளியாக வளர்ந்து, பின்னர் அங் மோ கியோ சென்றது.

1983இல் மடப்பள்ளி தோ பாயோவுக்கு இடம் பெயர்ந்தது. தோட்டங்கள் விற்கப்பட, நம் பள்ளிகள் பலவும் இவ்வாறே பெயர்ந்தன. ஆயின் அவற்றின் பழைய கட்டடங்களைக் காப்பார் அரியர். விக்டோரியா வீதியிலோ வழிபாட்டுக்கூடமும் கால்டுவெல் இல்லமும் 1990இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. வளாகம் 1996இல் சைம்ஸ் என்னும் பெயருடன் உணவகங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வழிபாட்டுக்கூடத்தில் இன்று திருமண விருந்துகள் நடைபெறுகின்றன.

குழந்தைகள் விடப்பட்ட அச்சிறு வாயில் இன்றும் உள்ளது. நம்பிக்கை வாயில் என்று அதனை அழைக்கின்றனர்.