உப்பை ‘பை அப்’ செய்தால் விலை ஏறுமா?

மரக்காணம் அளங்களில் நீளக் கம்பு கோத்த பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். மழைக்கு முன்பே ஒரு வியாபாரி வந்து அத்தனை குவியலுக்கும் விலை பேசி எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் அது ‘பை அப்’. இந்தச் சொல்லைச் சுற்றி நம்மிடையே சில தவறான எண்ணங்கள் உண்டு.

நம்பிக்கை: ‘அப்’ என்றால் மேலே, எனவே விலையைக் கூட்டி வாங்குவது.
உண்மை: இந்த ‘அப்’ மிச்சம் வைக்காததைக் குறிக்கிறது, ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ போல. ‘தின்று தீர்த்தான்’ என்பதில் வரும் ‘தீர்’தான் இது. அடிமாட்டு விலைக்கு வாங்கினாலும் ‘பை அப்’தான். ஒரு பாக்கெட் உப்புக்கோ வெறும் ‘பை’ போதும்.

நம்பிக்கை: ‘ஸ்டாக் அப்’ என்றாலும் அதே பொருள்தான்.
உண்மை: ‘ஸ்டாக் அப்’ வீட்டை நிரப்புவது, ‘பை அப்’ கடையைக் காலி செய்வது. பணமதிப்பு நீக்கம் வந்த மூன்றாம் நாள், 2016 நவம்பர் 11 அன்று, டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு குடும்பமும் நாலைந்து பாக்கெட் ‘ஸ்டாக் அப்’ செய்ய, எல்லாரும் சேர்ந்து கடை உப்பையே ‘பை அப்’ செய்துவிட்டார்கள். சில இடங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உண்மையில் பஞ்சமே இல்லை. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் உப்பு விளையும் நாடு இது. அதில் சாப்பாட்டுக்குப் போவது சிறு பங்குதான்.

நம்பிக்கை: ‘பை’யையும் ‘அப்’பையும் பிரிக்கவே கூடாது.
உண்மை: ‘பை அப் த சால்ட்’, ‘பை த சால்ட் அப்’ இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘பை இட் அப்’. ‘பை அப் இட்’ தவறு.

நம்பிக்கை: ‘பை’யோடு எது சேர்ந்தாலும் கடைப் பேச்சுதான்.
உண்மை: ‘பை அவுட்’ என்றால் கூட்டாளியின் பங்கை வாங்கிக்கொண்டு அவரை விலக்குவது. ‘பை ஆஃப்’ என்றால் காசு கொடுத்து ஒருவரைச் சரிக்கட்டுவது. ‘பை இன்டு’வுக்கு ஒரு கருத்தை நம்பி ஏற்பது என்ற பொருளும் உண்டு, அதில் பணமே கைமாறாது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின், அயோடின் உப்பு கதிர்வீச்சைத் தடுக்கும் என்ற பேச்சைச் சீனாவில் பலர் ‘பை இன்டு’ செய்தார்கள். கடைகளில் உப்பு தீர்ந்தது. சமையல் உப்பிலுள்ள அயோடின் அந்தக் காரியத்துக்குப் போதவே போதாது.