கைத்துப்பாக்கி: கண்ணுக்குப் பிடித்ததா, கைக்கு ஏற்றதா?

கிணற்று மோட்டார் பற்றியும், கடற்காற்றில் தகரக் கூரை துருப்பிடிப்பது பற்றியும் இதே பக்கங்களில் எழுதியிருக்கிறேன். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது கைத்துப்பாக்கி. மாயாபந்தரில் இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பாக்கும் கொப்பரையும் வாங்கி விற்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர், வாரம் ஒருமுறை ரொக்கத்தோடு கிராமங்களுக்குப் போய் வருபவர், லைசென்ஸுக்கு மனுப்போட நினைக்கிறார். ஊரில், திருநெல்வேலிப் பக்கம், அவருடைய தந்தையாரிடம் வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியின் பழைய .32 ரிவால்வர் ஒன்று முறையான உரிமத்தோடு இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளலாமா, கான்பூரில் செய்த புதியதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் இரும்போடு பழகியவன் என்பதால் கேட்டிருப்பார். அவருக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 9 மில்லிமீட்டர், .38 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகவே சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32, அல்லது .22. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி தருவிப்பது கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் வந்த வெப்ளி போன்றவை கை மாறும்போது புதிய இந்தியத் துப்பாக்கியைப்போல் பல மடங்கு விலை பேசப்படுவது அதனால்தான். தட்டுப்பாடு ஏறும்போது மதிப்பும் ஏறும். அந்த விலை வேலைக்கான விலை அல்ல, பெயருக்கான விலை.

அன்பருக்கு வெப்ளியின் மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. மேல் பூட்டைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து, தோட்டாக் கூடுகள் ஆறும் ஒரே சமயத்தில் எழும்பி வரும். பார்க்க அழகான பொறியமைப்பு. சிறுவயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததாகவும் சொன்னார். அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மடிந்து திறக்கும் துப்பாக்கியில் கீலும் மேல் பூட்டும்தான் பலவீனமான இடங்கள். நாற்பது ஐம்பது வருடம் திறந்து மூடிய கீலில் ஆட்டம் வந்துவிடும். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, குழலைப் பிடித்து மெதுவாக அசைத்தாலே தெரிந்துவிடும். உருளை குழலோடு நேராக நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயத் துணுக்குகளைப் பக்கவாட்டில் தெறிக்கும். இதைச் சரிசெய்ய நம் லேத் பட்டறைக்குப் போக முடியாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது சட்டம். என் வீட்டில் வைஸும் அரங்களும் இருக்கின்றன. இருந்தாலும் நான் அதைத் தொடக்கூடாது. ஆகவே பழுதான துப்பாக்கி போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 240 கிலோமீட்டர் சாலையிலும், அங்கே முடியாவிட்டால் சென்னைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலிலும் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதம் வேண்டும்.

எடை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குகிறவர்கள் கடையில் அதை ஒரு நிமிடம் கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது கீமேன்கள் தினமும் தங்கள் பகுதியைக் காலால் நடந்து, சாவிகளை அடித்து இறுக்கிக்கொண்டு போவார்கள். ஒருமுறை அவர்களுக்கு உறுதியான, நீளமான புதிய ஸ்பேனர்கள் வந்தன. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாம் கேங் குடிசையில் சுவரோரம் சாத்தியிருக்கின்றன. ஆட்கள் தேய்ந்துபோன பழைய குட்டை ஸ்பேனரோடுதான் லைனில் நிற்கிறார்கள். புதியது நல்ல ஸ்பேனர்தான், சுமக்கத்தான் முடியவில்லை.

கைத்துப்பாக்கியும் அப்படியே. அன்பரிடம் 700 கிராம் மணலைத் துணிப்பையில் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து நாள் வழக்கமான வேலை பார்க்கச் சொன்னேன். கான்பூரின் வழக்கமான .32 ரிவால்வரும், 2023ல் வெளிவந்த பிரபல் என்னும் புதிய மாதிரியும் ஏறக்குறைய அந்த எடைதான். மூன்றாம் நாள் பை கடை மேசையின் கீழ் அறைக்குப் போய்விட்டது. அவர் கடையில் கைலிதான் கட்டுகிறார். கைலி இடுப்பில் உறை நிற்காது. அதற்குக் கனமான தோல் பெல்ட்டும் கால்சட்டையும் வேண்டும். மாயாபந்தர் புழுக்கத்தில் மேலே தொளதொளவென்று இன்னொரு சட்டையும் வேண்டும், ஏனென்றால் பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பொருத்திய உறைக்குள், முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்பது 2016ஆம் வருட விதி. மறைத்து எடுத்துச் செல்வது ஏதோ சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அதுவே கட்டளை. கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ இடுப்பில் தெரியும்படி கட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறவர் லைசென்ஸை இழக்க ஆசைப்படுகிறார் என்று பொருள். திருவிழா, ஊர்வலம், பள்ளி வளாகம் இவற்றுக்குக் கொண்டே போகக்கூடாது.

மறைப்பதற்குத் தட்டையான பிஸ்டல் ஏற்றது, உருண்ட உருளை உள்ள ரிவால்வர் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது பழைய பாடம். 1909ல் சாவர்க்கர் லண்டனிலிருந்து பெட்டியின் இரட்டை அடித்தட்டில் ஒளித்து அனுப்பியவை இருபது பிரௌனிங் பிஸ்டல்கள். அவற்றில் ஒன்றால்தான் அதே வருடம் நாசிக்கில் ஜாக்சன் சுடப்பட்டார். அந்த வழக்குதான் சாவர்க்கரை நம் தீவின் செல்லுலார் சிறைக்குக் கொண்டுவந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரௌனிங்தான். (அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. ரயில்வேக்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) ஆனால் ஒரே ஒரு நாளுக்காக, ஒரே ஒரு காரியத்துக்காக ஆயுதம் ஏந்துகிறவரின் கணக்கு வேறு. வருடம் முழுவதும் சுமந்து, ஒருநாளும் பயன்படக்கூடாதே என்று வேண்டிக்கொள்கிறவரின் கணக்கு வேறு. பிஸ்டலில் தோட்டா வெடிக்காமல் போனால் மேல் பகுதியைக் கையால் இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். அடிக்கடி பயிற்சி இல்லாத கைக்கு பதற்றத்தில் அது வராது. ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். நம் மாதிரி ஆட்களுக்கு ரிவால்வரே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, .32 பிஸ்டலின் தோட்டாவும் .32 ரிவால்வரின் தோட்டாவும் ஒன்றல்ல. பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டர் நீளம், ரிவால்வருடையது 23. எண் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

சரி, எடைதான் தொல்லை என்றால் இலேசானதை வாங்கலாமே என்று அன்பர் கேட்டார். 2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை நிர்பீக் என்ற பெயரில் டைட்டானியம் கலவையில் 500 கிராம் ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. 2012 டில்லிக் கொடுமைக்குப் பின், பெண்களுக்கென்று சொல்லி, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து, ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலை வைத்தார்கள். இரவுப் பேருந்தில் வேலைக்குப் போய் வரும் பெண்ணால் அந்த விலை கொடுக்க முடியுமா என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது இருக்கட்டும். பொறியியல் கணக்கைப் பாருங்கள். தோட்டா ஒன்றே என்றால் குண்டு முன்னால் போகும் உந்தமும் ஒன்றே. பின்னால் உதைக்கும் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 700 கிராமிலிருந்து 500 கிராமுக்கு இறங்கினால் உதை நூற்றுக்கு நாற்பது பங்கு கூடும். இடுப்புக்கு மிச்சமானதை மணிக்கட்டு கட்டுகிறது. இஷாப்பூரில் செய்த நிடர் 250 கிராம்தான். ஆனால் அது .22 என்பதால் உதையும் சிறிது, அடியும் சிறிது. எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஆகவே கணவன் மனைவி இருவரில் யார் சுடப் பழகப் போகிறார்களோ அவர்களுடைய கையில் பிடி அடங்குகிறதா, விரல் விசையின் நடுவில் வந்து நிற்கிறதா, குழல் ஆடாமல் விசையை முழுவதும் அழுத்த முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். என் அன்பரின் விரல் குட்டை. வெப்ளியின் பிடி அவர் தந்தையாரின் பெரிய கைக்குப் பொருந்தியது. இது ஆசையால் மாறாது.

அடுத்தது நம் தீவின் காற்று. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை, மே முதல் டிசம்பர் வரை ஈரம், அதோடு உப்பு. உடம்பு வியர்வையிலும் உப்பு. நீலம் பாய்ச்சிய பழைய எஃகு இங்கே ஒரே வாரத்தில் செம்புள்ளி காட்டும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதுதான் பலரும் செய்வது. தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்புகள் அதிலேயே இருக்கும். உறை சுமக்க மட்டும், வைக்க அல்ல. துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களுக்கு எண்ணெய் ஆகாது. அது அடியிலுள்ள வெடிக்குமிழில் கசிந்தால் தோட்டா செத்துவிடும். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் அதிலும் சுருள்விற்கள் எஃகுதான். வெள்ளி வேலைப்பாடு, யானைத்தந்தம் போன்ற பிடி என்று அலங்காரத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் அதில் பாதியைக்கூடப் பராமரிப்புக்கும் குறிவைத்துப் பழகுவதற்கும் செலவிடுவதில்லை.

வெபி கிராமத்துக் கரேன் மக்களைப் பாருங்கள். 1925ல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் கொண்டுபோகும் தா என்னும் கத்தியில் மினுமினுப்பு இருக்காது. காலையில் எடுத்தால் மாலை வரை கூடவே இருக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். அன்பர் வீட்டில் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்பாக்கி இடுப்பில் இருக்கும் நேரம் வாரத்தில் ஆறு மணி என்று வைத்துக்கொண்டால், மீதி 162 மணி நேரம் அது வீட்டில்தான். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் பெரியது, அந்த 162 மணி நேரம் அது எங்கே இருக்கும் என்பதுதான். பூட்டிய பெட்டி ஒன்று, தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டு. அப்படி வைத்தால் நடுராத்திரி அவசரத்துக்கு எடுக்க முடியாதே என்றார். முடியாதுதான். தலையணைக்கு அடியில் வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்கும், எட்டு வயதுக்காரனுக்கும் கிடைக்கும். இரண்டில் எது நடக்கக்கூடியது என்று அவரையே கேட்டேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து பதில் சொல்லிவிட்டார்.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். அவருக்கு ஆபத்து துப்பாக்கி இல்லாததால் அல்ல, ரொக்கத்தைக் கையில் கொண்டுபோவதால். விவசாயிகளுக்குக் கணக்கில் பணம் போட முடிந்தால் பாதிப் பயணம் மிச்சம். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால், மாயாபந்தரிலேயே 2006 முதல் மாவட்டத் தலைமையிடம் இருக்கிறது, துணை ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. கிடைத்தால் ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லக்கூடும். தற்காப்புரிமையை 2023ஆம் வருட பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் சொல்கிறது. வந்த தீங்கைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது என்பதையும் அங்கேயே சொல்கிறது. லைசென்ஸ் வாங்குகிறவர் முதலில் அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

வெப்ளியைப் பற்றி மிச்சம் ஒன்று இருக்கிறது. இது ஊரில் வயதான பெற்றோரிடம் துப்பாக்கி உள்ள எல்லா அன்பர்களுக்கும். உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைக் கடந்தாலோ, இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுப்போடலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் உரிமம் உள்ள வியாபாரியிடம் விற்றுவிடலாம். காலமான பிறகு, நினைவுப்பொருள்தானே என்று பீரோவில் வைத்திருப்பது குற்றம். உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, துப்பாக்கியின் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தோட்டாக்களையும் எண்ணி அதே ரசீதில் எழுதி வாங்குங்கள்.