ஒரே கூண்டில் மூன்று வாட்டர் டிராகன்கள்

“ஒண்ணே ஒண்ணு தனியா கெடந்தா பாவமில்லையா?” வாட்டர் டிராகன் வளர்ப்பவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பாவமே இல்லை. நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பிராணிக்கு வெயில், தண்ணீர், ஏறிப் படுக்க ஒரு கிளை இருந்தால் போதும், துணை கேட்காது. சேர்த்து வளர்ப்பது நம்முடைய ஆசை. அதற்கான செலவும் உழைப்பும் நம்மோடு நிற்க வேண்டும். கூண்டிலிருக்கும் பலவீனமான பிராணியின் தலையில் விழக்கூடாது.

சிட்னியில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கூண்டில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் இருக்கின்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகளில் இயல்பாக வாழும் ஈஸ்டர்ன் வாட்டர் டிராகன் இனம். இங்கே இதை வளர்க்க மாநில அரசின் உரிமம் வேண்டும். கரையில் கண்டதைப் பிடித்து வந்துவிட முடியாது. பல நாடுகளில் வளர்க்கப்படும் பச்சை நிறச் சைனீஸ் வாட்டர் டிராகன் வேறு இனம் என்றாலும், கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஆண் ஒன்றுதான்

வளர்ந்த இரண்டு ஆண்கள் ஒரே கூண்டில் இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், குஞ்சாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இந்த இனத்தில் முட்டை இருந்த வெப்பநிலைதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. இடைப்பட்ட சூட்டில் ஆண், அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் பெண். ஆகவே ஒரே ஈட்டுக் குஞ்சுகள் இரண்டை வாங்கினால் இரண்டுமே ஆணாகிவிடலாம். தலை அகன்று, தாடை தடித்து, மார்பில் சிவப்பு ஏறிய பிறகுதான் தெரியும். குஞ்சுகளை வாங்கும் நாளிலேயே இரண்டாவது கூண்டுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். பெரியவற்றோடு குஞ்சுகளை விடவே கூடாது. இரையாக நினைத்து விழுங்கிவிடும்.

அமைதி என்று நம்பிவிடாதீர்கள்

சண்டை இல்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. வேகமாகத் தலையை ஆட்டினால் “இது என் இடம்” என்று பொருள். முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றினால் “நான் மோத வரவில்லை” என்று பொருள். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தால் பார்ப்பவர்கள் பாசம் என்று படமெடுப்பார்கள். மேலே இருப்பது சூட்டைப் பிடித்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்கு அது கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

ஊர்வனவற்றுக்கு உடல் சூடேறினால்தான் தின்றது செரிக்கும். வெயில் காயும் இடத்தை இழந்த பிராணி, தட்டு நிறைய இரை இருந்தும் இளைக்கும். எங்கள் சின்னப் பெண் நிறம் கறுத்து, நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே ஒதுங்கிக் கிடந்தது. இரையை மாற்றிப் பார்த்தும் தேறவில்லை. கூண்டின் எதிர் மூலையில் இன்னொரு உயரமான கட்டையை வைத்து, நடுவில் அடர்ந்த செடித்தொட்டிகளை வரிசையாக நிறுத்தியதும் வெளியே வர ஆரம்பித்தது. வெயில் காய இரண்டு இடம் இருந்தால் போதாது. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியக்கூடாது. ஆதிக்கம் செய்வதற்குக் கண்ணில் படுவதே போதும், கடிக்க வேண்டியதில்லை. கூண்டு வீட்டுக்குள் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே சூட்டு விளக்கும் புற ஊதா விளக்கும் வேண்டும்.

தராசு பொய் சொல்லாது

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துவையுங்கள். இரண்டு ஏற, ஒன்று மட்டும் இறங்கினால் அதுதான் முதல் எச்சரிக்கை. குளிர்காலத்தில் எல்லாமே மந்தமாகி இரையைக் குறைக்கும். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கரப்பான், கிரிக்கெட் பூச்சிகளை மொத்தமாகக் கொட்டாமல், இடுக்கியால் ஒவ்வொன்றுக்கும் தனியாக நீட்டுவதே நல்லது. அவசரத்தில் பக்கத்துப் பிராணியின் விரலைக் கவ்விவிடுவது உண்டு. தண்ணீரிலேயே கழிவதால் தொட்டியைத் தினமும் கழுவ வேண்டும்.

பெண்களுக்கான ஏற்பாடு

வசந்தம் வந்தால் ஆண் விடாமல் துரத்தும், கழுத்தைக் கவ்வும். ஒரே பெண் இருந்தால் அத்தனை தொல்லையும் அதற்குத்தான். முட்டையிட ஈர மணல் ஆழமாக இருக்க வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பெண்களை மட்டும் வைத்திருந்தாலும் மணல் தேவை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய விலங்குக்காட்சி சாலையில் ஆணே இல்லாமல் ஒரு சைனீஸ் வாட்டர் டிராகன் இட்ட முட்டையிலிருந்து 2016-இல் குஞ்சு பொரிந்தது.

புதிதாக வருவது

பிரிஸ்பேன் நகரின் வாட்டர் டிராகன்களிடையே தோலை அரிக்கும் பூஞ்சை நோய் ஒன்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். புதிய பிராணியை மூன்று மாதமாவது தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு வைத்துப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகு மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

அந்த மூன்று மாதம் அது இருந்த கூண்டைப் பிறகு விற்றுவிடாதீர்கள். சேர்ந்து வாழ்வது ஒத்துவராத நாளில், பிரித்து வைக்கக் கடைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. காலிக் கூண்டு ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஒன்று நன்றாகவே வாழும்.